முதல் சைக்கிளை மட்டும் காட்டினேன்

ஒரு கருத்தரங்கில் நான் காட்டிய வரைபடம் பாதி உண்மை. மீதியைத் தெரிந்தே மறைத்தேன். செங்கல்பட்டுப் பக்கம் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியன் நான்.

நாங்கள் ஆராய்ந்த பொருள், இரும்பும் ட்ரையசோலும் சங்கிலியாகக் கோத்த ஒரு சேர்மம். குளிர்ந்திருக்கையில் ஊதா, சூடேறினால் வெள்ளை. ஊதாவில் இரும்பு அயனியின் ஆறு டி எலக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்திருக்கும். காந்தம் அதை ஈர்க்காது. வெள்ளையில் நான்கு எலக்ட்ரான்கள் தனித்து நிற்கும், காந்தம் ஈர்க்கும். இரும்பு–நைட்ரஜன் பிணைப்பு சுமார் 2.0 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 2.2 வரை நீளும். மின்பண்புகளும் கூடவே மாறும். இத்தகைய மாற்றத்தை இத்தாலியில் வேதியியலாளர் காம்பி 1931-லேயே கவனித்தார். நம் ரத்தத்து ஹீமோகுளோபினும் ஆக்சிஜனைப் பிடிக்கும்போது காந்தத் தன்மையை இழக்கிறது என்று 1936-இல் பாலிங்கும் கோரியலும் காட்டினார்கள்.

சூடேறும்போது ஒரு வெப்பநிலையிலும் ஆறும்போது அதற்கும் கீழே இன்னொன்றிலும் நிலை மாறும். இந்த இடைவெளிதான் தயக்கக் கண்ணி. ஒருமுறை சூடாக்கி ஆற்றுவது ஒரு சைக்கிள். அது அகலமாக இருந்தால் பொருளை நினைவகமாகப் பயன்படுத்த வழி உண்டு. பெயர்பெற்ற ட்ரையசோல் சேர்மம் ஒன்றில் அது ஏறத்தாழ 40 டிகிரி. எங்களுடையது அதையும் தாண்டியது. நான் மயங்கிப்போனேன்.

என் மாணவி மயங்கவில்லை. "சார், ரெண்டாவது சைக்கிள்ல கண்ணி சுருங்கிடுது" என்றார். சாம்பிளை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் மறுநாள் பழைய அகலம் திரும்புவதையும் அவரே கண்டுபிடித்தார். காரணம் தண்ணீர். படிகத்துக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகள் ஊதா நிலையை இறுக்கிப் பிடிக்கின்றன. அவை வெளியேறும்வரை நிலை மாறாது. நீர் போனபின் குளிர்ந்தால், உலர்ந்த பொருள் வேறொரு வெப்பநிலையில் திரும்புகிறது. இரண்டு வெவ்வேறு பொருள்களின் பாதைகளை ஒரே பொருளின் கண்ணி என்று நான் வரைந்திருந்தேன்.

மின்சார அளவீட்டில் நிலைமை இன்னும் மோசம். மாமல்லபுரக் கடற்கரைக் காற்றின் ஈரம் தூள் வில்லையின் துகள்களில் படிந்தாலே மின்னோட்டம் கூடும். வெற்றிடத்தில் உலர்த்தி அளந்தபோது நிலை மாறுகையில் மின்னோட்டத்தில் தெரிந்த, நான் கொண்டாடிய தாவல் பெரும்பாலும் மறைந்துவிட்டது.

"முதல் சைக்கிளை மட்டும் போடும்மா. அடுத்தது சாம்பிள் கெட்டுப்போனது" என்றேன். கெட்டுப்போகவில்லை என்று எனக்குத் தெரியும். கல்பாக்கத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களுக்குப் பக்கத்தில் இருந்தும் எங்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதைக் காரணமாகச் சொல்லலாம். நியாயமாகச் சொல்ல முடியாது. அந்த வரைபடத்தைக் காட்டியே ஆய்வு நிதியும் கேட்டேன். தன் அளவீட்டில்தான் குறை என்று நம்பி அந்தப் பெண் ஆராய்ச்சியை விட்டுப் போனார். எனக்கு மன்னிப்பே இல்லாத இடம் அதுதான்.

அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன். எல்லா சைக்கிள்களையும் நீர் வெளியேறுவதைக் காட்டும் எடைக்குறைவு அளவீட்டையும் சேர்த்து, அவர் பெயரை முதலில் போட்டுத் திருத்தம் அனுப்பியிருக்கிறேன். என் பழைய வரைபடத்தை உங்கள் ஆய்வேட்டிலோ வகுப்பிலோ பயன்படுத்தியிருந்தால், தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.