பச்சை இருக்கும் வரைதான் கத்தி

தேயிலைக் கவாத்தில் கை பழகியவர்களை அந்த நர்சரியில் எடுத்தவுடன் கத்தரியைத் தொட விடுவதில்லை. மண் கலப்பது, பை நிரப்புவது, களை எடுப்பது என்று சில மாதம் ஓட்டிய பிறகுதான் வெட்டு வேலை கொடுப்பார்கள். கோத்தகிரி சாலையை ஒட்டிய சரிவில் இருக்கும் பண்ணை அது. துஜா, ஜூனிபர், சைப்ரஸ், அரௌகேரியா என வீட்டுத் தோட்டத்துக்கான ஊசியிலைச் செடிகள்தான் அங்கே பிரதான சரக்கு. வேலையாட்களில் பெரும்பாலோர் எஸ்டேட்டிலிருந்து வந்த பெண்கள்.

கட்டிங் மேசையில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் காரணம் கேட்டேன்.

“தேயிலைய மொட்டையா வெட்டுனாலும் திரும்பத் துளிர்த்துடும், தம்பி. இது அப்படி இல்ல. பச்சை இருக்கிற வரைக்கும்தான் கத்தி. பச்சைய தாண்டிக் கட்டைல கத்தி வச்சா அந்தக் கிளை அத்தோட சரி.”

தாவரவியல் சொல்வதும் இதுதான். தேயிலையின் பழைய கட்டையில் உறங்கும் மொட்டுகள் ஏராளம். அதனால்தான் சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை எலும்புக்கூடாக்கினாலும் அது எழுந்து வந்துவிடுகிறது. ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பழைய கட்டையில் அந்தச் சேமிப்பு கிடையாது. யூ மரம் போலச் சில விதிவிலக்குகள் உண்டு. நம் ஊர் வீட்டுத் தோட்டத்தில் யூவைப் பார்க்க வாய்ப்பு குறைவு. பண்ணையின் வேலியோரத்தில் ஜூனிபர் வரிசை ஒன்று நடுவில் மட்டும் பழுப்பாக, வழித்துவிட்டதுபோல் நின்றது. தேயிலைப் பழக்கத்தில் யாரோ ஒருவர் ஆழமாக இறக்கிவிட்ட வெட்டு. யார் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்காவின் பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்து நீலகிரியில் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அக்கா இளவயதில் தேயிலை நாற்றங்காலில் இருந்தவர். ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டைப் பாலித்தீன் பையில் ஊன்றி வேர்விட வைக்கும் வேலை. இந்தப் பண்ணைக்காரர் அவரைத் தேடிப் பிடித்ததே அந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான். ஊன்றத் தெரிந்த கை வேண்டும், ஆனால் வெட்டிய பழக்கம் கூடாது என்றால் எப்படி? இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன. மறக்க வைக்கும் பயிற்சிதான் கடினம் என்று பண்ணைக்காரரே சொன்னார்.

கட்டிங் எடுப்பதை நெருங்கி உட்கார்ந்து பார்த்தேன். கோல்டுகிரெஸ்ட் சைப்ரஸ், மஞ்சள் கலந்த இளம்பச்சை. விரல் நீளப் பக்கக் கிளை ஒன்றைப் பிடித்து, கத்தரியால் வெட்டாமல் கீழ்நோக்கி மெல்ல இழுக்கிறார். தாய்க் கிளையின் பட்டை ஒரு சிறு நாக்காக ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்த நாக்கு இருந்தால் வேர் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல். நீண்டு தொங்கும் நுனியை மட்டும் கத்தியால் நறுக்குகிறார். அடிப்பாகத்துச் செதில் இலைகளைக் கட்டைவிரலால் உருவும்போது எலுமிச்சை வாசனை கிளம்புகிறது. வேர்ப்பொடியில் தொட்டு, தட்டி, மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த தட்டில் ஊன்றுகிறார். முதலில் குச்சியால் குழி போட்டாக வேண்டும். நேராகக் குத்தினால் பொடி மேலேயே வழிந்து நின்றுவிடும். விரல்களில் பிசின் கறுப்பாக ஏறியிருக்கிறது. சோப்புக்குப் போகாது. மேசைக்கடியில் தேங்காய் எண்ணெய்க் குப்பி வைத்திருக்கிறார்கள்.

ஊன்றிய தட்டுகள் நிழல்வலைக்குக் கீழே பாலித்தீன் கூடாரத்துக்குள் போகும். தேயிலைத் துண்டு ஏறக்குறைய மூன்று மாதத்தில் வேர்விடும். இவற்றுக்கு அதைவிட நாளாகும். சில ஜூனிபர்கள் வருடத்தையே தின்னும். இடையில் பூஞ்சை வந்தால் தட்டோடு போகும். வேர் வந்ததா என்று பார்க்க அக்கா துண்டை இரண்டு விரலால் லேசாக மேலே இழுக்கிறார். அது எதிர்த்து இழுத்தால் வேர் இருக்கிறது. தளதளவென்று பச்சையாக நிற்பதை மட்டும் நம்பக் கூடாதாம். “செத்தும் பச்சையா நிக்கும், தம்பி. ஊர ஏமாத்துற செடி.”

இந்த ஏமாற்றுதான் வாங்குகிறவர்களையும் கவிழ்க்கிறது. மே மாத மலர்க்காட்சி சமயத்தில் சமவெளியிலிருந்து வருகிறவர்கள் கோல்டுகிரெஸ்ட்டைக் காருக்குள் வைத்துச் சென்னைக்கும் மதுரைக்கும் கொண்டு போகிறார்கள். ஏசி அறையில் ஓரிரு முறை வேர் முழுக்கக் காய்ந்தால் போதும், செடியின் கதை முடிந்துவிடும். ஆனால் இலை வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். பழுப்பு தெரிந்து தண்ணீரை ஊற்றும்போது ஊற்றுவதற்கு உயிரே இருக்காது. நேர்மாறாக, உள்பக்கத்துப் பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் பதறிப்போய் உரம் போடுகிறவர்களும் உண்டு. அது இயல்பான உதிர்வு. என்றும் பசுமை என்றால் இலையே உதிராது என்று பொருளில்லை.

இன்னொரு குழப்பம் ‘குட்டை ரகம்’ என்ற அட்டை. குட்டை ரகமும் வளரும், மெதுவாக வளரும், அவ்வளவுதான். அமெரிக்க ஊசியிலை மரச் சங்கத்தின் கணக்கில் வருடத்துக்கு 1 முதல் 6 அங்குலம் வளர்ந்தால் குட்டை, அதற்கும் குறைந்தால் மிகக் குட்டை. பெரும்பாலான ரகங்களின் தொடக்கம் எங்கோ ஒரு தற்செயல். உலகமெங்கும் தொட்டிகளில் கூம்பாக நிற்கும் குட்டை ஸ்ப்ரூஸ், 1904இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஓர் ஏரிக்கு அருகே இரண்டு தாவரவியலாளர்கள் கண்ட கன்றுகளிலிருந்து வந்தது. அதன் விதை குட்டையைத் தராது, கட்டிங்தான் தரும். அதிலும் எப்போதாவது ஒரு கிளை தன் மூதாதையை நினைத்துக்கொண்டு விறுவிறுவென ஓடும். உடனே அடியோடு எடுக்காவிட்டால் செடி முழுவதையும் அதுவே ஆளும்.

கோல்டுகிரெஸ்ட்டோ நிஜத்தில் குட்டையே அல்ல. கலிபோர்னியாவின் மான்டரே கடலோரத்தில் இரண்டே தோப்புகளில் இயற்கையாக நிற்கும் சைப்ரஸின் தோட்ட ரகம் அது. நீலகிரியில் வானளாவி நிற்கிறதே, அந்த இனமேதான். தரையில் நட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி ஓடும். அதைக் ‘குட்டை’ என்று அட்டை எழுதி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பண்ணைக்காரரிடம் சொன்னேன். “கேக்குறவங்களுக்கு உண்மையச் சொல்லிடுவேன், சார்” என்றார். கேட்காதவர்கள்தான் அதிகம்.

அரௌகேரியாவில் வேறொரு வேடிக்கை. பக்கக் கிளையை வெட்டி ஊன்றினால் வேர் வரும், ஆனால் செடி நிமிராது. கிளைக்குப் பக்கவாட்டில் போகத்தான் தெரியும். பண்ணைமூலையில் அப்படி ஒன்று வருடக்கணக்கில் படுத்தே கிடக்கிறது. நிமிர்ந்த செடி வேண்டுமென்றால் விதை போட வேண்டும், அல்லது தாய்ச்செடியின் உச்சியைக் கிள்ளி, அங்கே செங்குத்தாக முளைக்கும் கொழுந்துகளை எடுக்க வேண்டும். கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்லி விற்பவர்களிடம் வாங்கும்போது, சுற்றிலும் சமமாகக் கிளை அடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த மலையின் ஊசியிலைக் காடுகளெல்லாம் வந்தேறிகள். அவற்றை நட்டவர்கள் இங்கிருந்த புல்வெளியைப் பாழ்நிலம் என்று எண்ணினார்கள். தென்னிந்தியாவின் சொந்த ஊசியிலை இனம் ஒன்றே ஒன்றுதான், பொடோகார்பஸ் குடும்பத்து நாகேயா. அதற்கு ஊசியே கிடையாது, அகன்ற இலை. பண்ணையில் அது இல்லை. யாரும் கேட்பதில்லையாம்.

கட்டிங் ஊன்றியதிலிருந்து ஜூனிபர் விற்கிற அளவுக்கு வர இரண்டு மூன்று வருடம் ஆகிறது. அதற்குள் பை மாற்றி, நுனி கிள்ளி, பனிக்காலத்தில் மூடி, சிலந்திப்பேனுக்கு இலையின் அடியில் தண்ணீர் பீய்ச்சி, பத்துப் பதினைந்து முறையாவது அந்தப் பெண்களின் கை ஒவ்வொரு செடியிலும் பட்டுவிடும். கூலி நாள் கணக்கு. செடி பிழைத்தாலும் போனாலும் அதே கூலி. விற்கும் விலையில் அந்தக் கைத்திறனுக்கென்று தனிப் பங்கு எதுவும் இல்லை. பூ விற்கும் கடையோடு ஒப்பிட்டு இங்கே பேரம் பேசுவது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் ஊர்க்காரர்கள் கோல்டுகிரெஸ்ட்டை விட்டுவிடுங்கள்; கீழைத் துஜா அங்கே நன்றாக நிற்கும். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள்: வேர் சுருண்டு வட்டமடித்திருந்தால் வேண்டாம். தொட்டியில் தண்ணீர் தேங்கக் கூடாது, மண் முழுக்கக் காயவும் கூடாது. வெட்டும்போது பச்சைக்குள்ளேயே நில்லுங்கள்.