மஞ்சள் விளக்கு எரிந்தால் காரை விற்க வேண்டுமா?

பழைய காரின் டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தால், "இதை வித்துடலாம்ப்பா" என்ற பேச்சும் வீட்டில் ஆரம்பித்துவிடும்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டிலும் அப்படித்தான். 2011 மாடல் பெட்ரோல் கார். வாரத்துக்கு மூன்று நாள் அம்மாவை அடையாறுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது அதில்தான். 15 வருடம் முடியப்போவதால் ஆர்.சி-யையும் புதுப்பிக்க வேண்டும். இந்த நேரத்தில் மைலேஜ் குறைந்தது, புகையில் பெட்ரோல் வாடை அடித்தது, விளக்கும் எரிந்தது.

தி.நகரில் ஒரு கடையில், "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே போச்சு சார்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா காரை விற்கவே முடிவுசெய்துவிட்டார். "மந்தைவெளி மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்ப்பா" என்றார் மகள்.

அந்த மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினார். பி0135 என்று கோடு வந்தது. "ஆக்சிஜன் சென்சாரோட ஹீட்டர் சர்க்யூட்ல பிரச்னைங்கய்யா. இது இடத்தைத்தான் காட்டும். எது கெட்டுப்போச்சுன்னு நாமதான் பார்க்கணும்" என்றார்.

புகைக்குழாயில் ஸ்பார்க் பிளக் மாதிரி திருகப்பட்டிருக்கும் சின்னப் பொருள்தான் ஆக்சிஜன் சென்சார். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கணித்து ஈ.சி.யு-வுக்குச் சொல்லும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால்தான் கன்வெர்ட்டர் நச்சுப்புகையைச் சரியாகச் சுத்தப்படுத்தும். சென்சார் வேலைசெய்ய சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சீக்கிரம் சூடேறத்தான் உள்ளே ஹீட்டர். அது செத்தால், குறுகிய தூர ஓட்டத்தில் ஈ.சி.யு. குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும். கூடுதல் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால், நாளடைவில் அதுவும் கெட்டுவிடும்.

மெக்கானிக் முதலில் ஃபியூஸைப் பார்த்தார். அடுத்து கனெக்டரில் துரு இருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரி. கடைசியாக ஹீட்டரின் இரண்டு ஒயர்களில் மல்டிமீட்டரை வைத்தார். நல்ல சென்சார் என்றால் சில ஓம்கள் காட்டும். இதில் மீட்டர் அசையவே இல்லை. கெட்டது சென்சார்தான்.

புதுப்பேட்டையில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இன்னொரு காரில் உழைத்துத் தேய்ந்த சென்சாரை வாங்குவது வீண். ஜி.பி. ரோட்டில் பார்ட் நம்பர் பார்த்துப் புதிதாக வாங்கினார்கள். துருப்பிடித்த மரையில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஒயர் நுழைய பிளவு உள்ள சாக்கெட்டால் பழையதைக் கழற்றினார். புதியதன் முனையில் விரலோ கிரீஸோ படாமல் திருகி, கோடை அழித்தார். சில நாள் ஓட்டியும் விளக்கு திரும்ப எரியவில்லை. புகைப் பரிசோதனையிலும் கார் பாஸ். கன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

உங்கள் காரில் இந்த விளக்கு எரிந்தால், கோடு நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். "டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்ட பிறகு பணம் கொடுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கன்வெர்ட்டர் நிஜமாகவே போய்விடும்.