மார்கழிப் பசி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆரணியாற்று வெள்ளம் வடிந்து, ஏரித் தண்ணீர் பழையபடி உப்பேறத் தொடங்கும் நாட்களில், பழவேற்காட்டுக் குப்பங்களில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பது மீன் நிலவரம். அடுத்த பேச்சு உடம்பு. ‘ஒரே அசதியா இருக்கு’, ‘அடிச்சுப் போட்டாப்ல இருக்கு’ என்று கார்த்திகைக் கடைசியில் தொடங்கினால் தை முடியும்வரை ஓயாது. சில வருடங்களாக அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை, பிரஷர் என்று மாத்திரை எடுப்பவர்கள், எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தவர்கள், சோற்றைப் பாதியாக்கிக்கொண்டவர்கள், குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள்: ‘எந்நேரமும் பசிக்குதுக்கா.’ நானும் அவர்களில் ஒருத்தி.

அந்தக் குரல் ஏன் தாழ்கிறது என்பது எனக்குத் தெரியும். இந்தக் கரையில் பசி என்றால் பாடு பொய்த்துவிட்டது என்று பொருள். ஐப்பசி, கார்த்திகையில் கடலுக்குப் போக முடியாது. ஏரியில் வெள்ளத் தண்ணீர் ஓடும். வலை சும்மா கிடக்கும். மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் காலம் தள்ளிய வீடுகளில், ஒரு பானைக் கேழ்வரகுக் கூழை எட்டுப் பேருக்கு ஊற்றி வளர்த்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்கள் கண் எதிரே, அரிசி நிறைந்த வீட்டில் ஒருத்தி தட்டை நகர்த்திவிட்டு எழுந்தால் அது அவர்களுக்குத் தாங்காது. ‘இன்னாடி இது, சோத்தத் தொட்டுட்டு எழுந்துட்ட? இல்லாத காலத்துல பட்டினி கெடந்தோம். இருக்கும்போது ஏன் கெடக்கற?’ என்று என் அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் தேவைப்பட்டது.

பதிலின் முதல் பாதி எளிது. உடம்பு மாறிவிட்டது, ஏனென்றால் வேலை மாறிவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரங்கள் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் வந்தன. துடுப்பு போட்ட கை இன்று இன்ஜின் பிடிக்கிறது. தலையில் கூடையோடு ஊர் ஊராக நடந்து விற்ற பெண்கள் ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். வயிற்றுக்குள் போகும் சோறு மட்டும் துடுப்பு போட்ட காலத்து அளவிலேயே இருக்கிறது. இது எங்கள் குப்பத்தோடு நிற்கும் கதையும் இல்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். இதே ஏரியில், மார்கழிக் குளிரில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூடப் பொருந்தாது. அவர்களுடைய அசதிக்கு மருந்து இன்னும் கொஞ்சம் சோறும், இறாலுக்கு நியாயமான விலையும்தான். எடை குறைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்துப் பேசவேண்டும்.

பதிலின் இரண்டாவது பாதி கடினம். சோற்றைக் குறைத்தால் எடை குறையும், சரி. இந்த அசதி ஏன்? இந்தப் பசி ஏன்? அதிலும் பனிக்காலத்தில் ஏன் கூடுகிறது?

குளிர்நாடுகளில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. பகல் சுருங்கி வெளிச்சம் குறையும்போது மனமும் உடம்பும் சோர்ந்துபோவதை 1984இல் நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவர் ஒரு நோயாகவே விவரித்தார். நம்மூருக்கு அது அவ்வளவாகப் பொருந்துமென்று நான் நினைக்கவில்லை. மார்கழியின் மிகக் குறுகிய பகலிலும் பழவேற்காட்டில் பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல் சூரியன் இருக்கிறது. ஏரிக்கு மேலே பனி மூடினாலும் எட்டு மணிக்கெல்லாம் வெயில் வந்து பூநாரைக் கூட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். நம் அசதிக்குக் காரணத்தை வானத்தில் தேடுவதைவிடத் தட்டிலும் பாயிலும் தேடுவது நல்லது.

எனக்குக் கண் திறந்தது ஒரு பழைய ஆராய்ச்சியைப் படித்தபோது. இரண்டாம் உலகப்போரின் கடைசியில், பட்டினியில் கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைச் சேர்த்தார். துப்பாக்கி எடுக்க மறுத்து, அதற்குப் பதிலாகத் தங்கள் உடம்பைக் கொடுத்தவர்கள் அவர்கள். 1945 பிப்ரவரியிலிருந்து ஜூலைவரை 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு: நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. இன்று பல டயட் அட்டவணைகளில் இருப்பது இதைவிடக் குறைவு. அவர்கள் உடம்பில் கால்வாசி எடை கரைந்தது. நாடித்துடிப்பு இறங்கியது. மாடிப்படி ஏறவே யோசித்தார்கள். எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு, சாப்பாட்டுக் கனவு. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போலப் படித்தார்கள். அங்கே ஜூலை என்றால் நல்ல கோடை. அந்தக் கோடையிலும் அவர்களுக்குக் குளிரெடுத்தது, போர்வை கேட்டார்கள்.

அதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மார்கழி விடியலில் எல்லோரும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு நிற்கும்போது எனக்கு மட்டும் எலும்புக்குள் குளிர் ஏறியது பனியால் மட்டும் வந்ததல்ல. அடுப்புக்கு விறகு குறைந்தால் அனல் குறைவதுபோல, சாப்பாடு குறைந்தால் உடம்பு தன் சூட்டைக் குறைத்துக்கொள்கிறது, வேலையைக் குறைத்துக்கொள்கிறது. உட்கார், படு, அசையாதே என்கிறது. பஞ்சம் வந்துவிட்டதென்று நினைத்து நம்மைக் காப்பாற்றப் பார்க்கிறது.

பசியும் அப்படித்தான். மெல்போர்னில் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அதிக எடையுள்ள 50 பேர் பத்து வாரம் கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்தார்கள், எடையும் இறங்கியது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அவர்கள் ரத்தத்தில் கூடியது, ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அவை பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் தணியவில்லை. கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2016இல் கணக்குப் போட்டுச் சொன்னது இன்னும் துல்லியம்: எடையில் ஒரு கிலோ இறங்கினால், நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அதிகமாகப் பசி கேட்கிறது. ஐந்து கிலோ இறங்கியவளை 500 கலோரிப் பசி பின்தொடர்கிறது என்றால், அவளைப் பார்த்து ‘வாயக் கட்டத் தெரியல’ என்று சொல்வது எவ்வளவு கொடுமை! குரலைத் தாழ்த்தவேண்டியது அவள் இல்லை.

தூக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இங்கே பனிக்காலத் தூக்கம் துண்டு துண்டானது. ஏரியில் வலை கட்டப் போகிறவர் நடு இரவில் எழுந்தால் அவருக்கு டீ போடுகிறவளும் எழுகிறாள். ஏலத்துக்கு நிற்கிறவள் கோழி கூவும்முன் படித்துறையில் இருக்கவேண்டும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். கிரெலின் 28 சதவீதம் ஏறியது. லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. பசி, குறிப்பாக இனிப்பின்மீதும் மாவுப் பண்டங்களின்மீதும், கூடியது. விடிந்ததும் டீக்கடை பன்னுக்கும் போண்டாவுக்கும் கை போவது இதனால்தான். நான் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது மதியம் முக்கால் மணி நேரம் படுத்து எழுந்ததுதான். ‘பகல்ல தூங்கினா ஒடம்பு போடும்’ என்று சொல்லாதவர் இல்லை. இரவெல்லாம் விழித்தவளுக்கு அந்த விதி பொருந்தாது.

இனி தட்டுக்கு வருகிறேன். வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள், மீன்பிடிக் குப்பத்தில் பெண்கள் மீன் குறைவாகத்தான் சாப்பிடுகிறார்கள். நல்ல மடவை, கொடுவா, இறால், பச்சை நண்டு எல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறிச் சென்னைக்குப் போகும். வீட்டுக்கு மிஞ்சுவது பொடிமீன். அதிலும் துண்டம் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். கடைசியில் உட்காருகிறவளுக்குக் குழம்பும் சோறும். குழம்பு ருசியாக இருப்பதால் சோறு மலைமலையாக இறங்கும். வேகவைத்த சோறு 100 கிராமில் புரதம் மூன்று கிராம்கூட இல்லை; அதே அளவு மீனில் பதினெட்டு, இருபது கிராம் இருக்கிறது. வயிறு நிறையும், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும்.

1995இல் வெளியான ஓர் ஆய்வில், சிட்னி பல்கலைக்கழகத்தின் சூசன்னா ஹோல்ட் என்ற ஆய்வாளர் 38 உணவுகளை, எல்லாவற்றையும் ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது பசியை அதிகம் தாங்குகிறது என்று பார்த்தார். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் வெள்ளைச் சோறு 138. மீன் 225. அதற்கு மேலே இருந்தது அவித்த உருளைக்கிழங்கு மட்டும்தான். நம் வாசலில் தினமும் வந்து இறங்கும் பொருள், பசியைத் தாங்குவதில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்கிறது!

நான் விலைபோகும் மீனைக் கேட்கவில்லை. மத்தியும் நெத்திலியும் காரப்பொடியும் போதும். மத்தியை எண்ணெயில் பொரிக்காமல் மண்சட்டியில் புளி ஊற்றி மசாலாவோடு வற்றவைத்து, முதலில் மீனைச் சாப்பிட்டு, அடுத்து கீரையோ அவரைக்காயோ, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினேன். கைப்பிடி சோறு தானாகவே குறைந்தது. காலையில் கேழ்வரகுக் கூழுக்குத் தொட்டுக்க வெங்காயம். கருவாடு வேண்டாம், பிரஷர்காரிக்கு அந்த உப்பு ஆகாது. மாலையில் உடம்பு நடுங்கும் நேரம் ஒன்று வரும், நாலு மணியிலிருந்து ஆறுக்குள். அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராமல் ஓர் அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிடுவேன். அந்த நேரத்துப் பசியை அடக்கியவர்கள் ராத்திரி சட்டியோடு உட்கார்ந்ததைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் எல்லா அசதியும் டயட் அசதி அல்ல. இதை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், முன்னே சொன்ன 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் 53.4 சதவீதம், ரத்தசோகை உள்ளவர்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறதா, ரத்தம் சோதிக்கவேண்டும். தைராய்டு குறைந்தால் அசதியும் குளிரும் எடையும் சேர்ந்தே வரும். கட்டுக்குள் வராத சர்க்கரையே ஓயாத பசியைக் கொடுக்கும். இன்னொரு ஆபத்து இதற்கு நேரெதிர்: சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டு சோற்றை மட்டும் பாதியாக்கினால், சில மாத்திரைகளுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். அதை ‘டயட்டு வேலை செய்யுது’ என்று பொறுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பொறுக்கக்கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள்; சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன் என்று வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லி, மாத்திரை அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பனிக்காலத்தில் எடையை இறக்கியே தீரவேண்டுமா என்றும் யோசித்தேன். கார்த்திகை தீபத்துப் பொரி உருண்டை, மாதா குப்பத்து வீடுகளிலிருந்து வரும் கிறிஸ்துமஸ் பலகாரம், பொங்கல், கரிநாள் என்று ஊர் முழுவதும் சேர்ந்து சாப்பிடும் காலம் இது. மழைக்காலக் கடன் அடையத் தொடங்கும் காலமும் இதுதான். அப்போது தனியாக ஒருத்தி பட்டினியோடு மல்லுக்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏறவிடாமல் நிறுத்திவைப்பது, பங்குனிக்குப் பிறகு மெல்ல இறக்குவது என்று முடிவுசெய்தேன். இதற்கு எனக்குத் துணிவு தந்தது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்தார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. நடந்த நடைக்கு, தராசு காட்டாவிட்டாலும், பலன் உண்டு.

இதையெல்லாம் அம்மாவிடம் கிரெலின், லெப்டின் என்று சொல்லிப் பயனில்லை. ‘இது இல்லாத பசி இல்லம்மா, மருந்துக்காகப் பொறுக்கற பசி. பொறுக்கறதுக்கு எனக்கு மீனு வேணும்’ என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஏலத்துக்குக் கூடை கிளம்பும்போது வழியில் நின்று தம்பியைப் பிடித்துக்கொண்டார்: ‘டேய், பொம்பளைங்களுக்கு நாலு மத்தி எடுத்து வெச்சுட்டுப் போ. ஒரு கூறு கொறைஞ்சா கொறைஞ்சிட்டுப் போவுது.’ தம்பி முணுமுணுத்தான். இப்போது பக்கத்து இரண்டு வீடுகளிலும் அந்தச் சண்டை நடக்கிறது.