லாடத்தின் நடுவே ஓர் ஆச்சரியக்குறி

இக்கட்டுரையை அக்காவும் தங்கையுமாக இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். ஏனெனில் நட்டுகளைத் தளர்த்தியவர் ஒருவர், ஜாக்கியைத் திருகியவர் மற்றவர். ஆகவே 'நான்' என்று எழுத இருவருக்குமே உரிமையில்லை.

எங்கள் வீட்டில் கார் ஓட்டுபவர் அம்மா. அப்பாவுக்கு ஓசூரில் ஷிப்டு வேலை. வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை, விடியுமுன்னே பாட்டியை இருதய வைத்தியத்திற்காகப் பெங்களூருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சூளகிரி, ஓசூர், ஜூஜூவாடி தாண்டினால் அத்திபெலே. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடும். இந்த 44-ஆம் எண் நெடுஞ்சாலையை அறியாதவர் நம் பள்ளியில் இரார். 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை ஓசூருக்கு வந்தது முதல் இன்றுவரை தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஆலைகளுக்குப் போகும் லாரிகளும், கிரானைட் ஏற்றிய லாரிகளும், மாம்பழக் காலத்தில் மாங்காய் வண்டிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து உதிரும் ஆணியும் திருகும் இரும்புச் சில்லும் யாருடைய டயருக்காகவோ காத்துக் கிடக்கின்றன.

சென்ற ஆண்டு டிசம்பரில் அவற்றுள் ஒன்று எங்களுக்கென்று வாய்த்தது. சூளகிரியை நெருங்கும்போது, வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. குதிரை லாடம் போன்ற வடிவம், நடுவே ஓர் ஆச்சரியக்குறி. "காற்று இறங்குகிறது" என்று சொல்லி அம்மா வண்டியை ஓரம் கட்டினார்கள். முன்பக்கத்து இடது டயரின் பக்கச் சுவரை இரும்புத் தகடொன்று கிழித்திருந்தது.

சக்கரம் மாற்றியதை விரிவாக எழுதப் போவதில்லை. பின்சக்கரத்துக்குக் கல் வைத்தோம். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கியைத் திருகினோம். ஸ்டெப்னியை மாட்டியபின் நட்டுகளை எதிரெதிராக முறுக்கினோம். மோட்டார் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் நின்று, "ஆம்பளைங்க யாரும் கூட வரலையாம்மா?" என்று கேட்டார். "வேலை முடிந்துவிட்டது ஐயா, இந்தக் கல்லை மட்டும் எடுத்து அந்தப் பக்கம் போடுங்கள்" என்றார்கள் அம்மா. அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துப் போட்டார். (ஸ்டெப்னி என்பது நம்மூர்ச் சொல் என்றே நினைத்திருந்தோம். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்களாம். அந்தத் தெருவின் பெயர்தான் சூளகிரி வரை உருண்டு வந்திருக்கிறது!)

உண்மையான தொல்லை அதற்குப் பிறகே தொடங்கியது. நல்ல ஸ்டெப்னி, அதில் நிறையக் காற்று. ஆயினும் விளக்கு அணையவில்லை. மறுநாள் முதல் புது விதமாகவும் நடந்துகொண்டது: வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் போல மினுக் மினுக்கென்று மின்னிவிட்டு, பின் அசையாமல் எரிந்தது. பெரிய பணிமனை ஒன்றில் காட்டினோம். "சென்சார் போய்விட்டது. நான்கையும் மாற்ற வேண்டும். வேண்டாமென்றால் விளக்கே எரியாதபடி செய்து தருகிறோம்" என்றார்கள். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "நேற்று முன்தினம் வரை நன்றாக இருந்த நான்கும் ஒரே தகட்டில் எப்படிக் கெட்டன?" பதில் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

விளக்கம் கிடைத்தது சாலையோரப் பஞ்சர் கடையில். கடைக்கார அண்ணன் தெலுங்கு பேசுபவர். சக்கரங்களைக் குனிந்து பார்த்தவர், "காலி எந்த?" என்றார். காரில் இருந்த பாட்டி பதறிப்போனார்கள். அவர்கள் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். "காலியா? எல்லாமே காலியா?" என்று கேட்டார்கள். தெலுங்கில் காற்றுக்குத்தான் 'காலி' என்று பெயர் என நாங்கள் விளக்கிய பின்னரே அவர்களுக்கு மூச்சு வந்தது.

அண்ணன் சொன்னது இதுதான். எங்கள் வண்டியின் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், காற்றடிக்கும் வால்வின் அடியில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. சக்கரம் ஓடும்போது தன் எண்ணையும் காற்றின் அழுத்தத்தையும் வானொலி அலையில் அது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்டெப்னியோ வெறும் இரும்புச் சக்கரம். பெரும்பாலான வண்டிகளைப் போலவே அதற்குள் சென்சார் கிடையாது. வகுப்பில் ஆசிரியை பெயர்களை வாசிக்கிறார். மூன்று குரல்கள் 'உள்ளேன் அம்மா' என்கின்றன, நான்காவது குரல் வரவில்லை. மின்னிவிட்டு எரிவதன் பொருள் அதுவே: 'காற்றில்லை' என்பதன்று, 'எனக்குத் தெரியவில்லை' என்பது. காற்று குறைந்திருந்தால் மின்னாமல் நேராகவே எரியும். வண்டியோடு வந்த புத்தகத்திலும் இது அச்சிடப்பட்டிருக்கிறது.

விளக்கின் மேல் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டுபவர்கள் உண்டு என்று கேள்விப்படுகிறோம். எங்களைப் போல ஒரே ஒரு விளக்கு மட்டும் உள்ள வண்டியில், ஸ்டெப்னியோடு ஓடும் நாட்களில் அந்த விளக்கு ஊமைதான். மற்ற மூன்று சக்கரங்களில் எதில் காற்று இறங்கினாலும் அது இன்னொரு முறை எரிந்து காட்ட முடியாது, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறதே! பக்கச் சுவர் கிழிந்த டயரைப் பஞ்சர் ஒட்டவும் ஆகாது. புது டயர் வந்து சேர 11 நாட்கள் ஆயின. அந்த 11 நாட்களும் நாங்களே விளக்கின் வேலையைப் பார்த்தோம். சில நூறு ரூபாய்க்கு அழுத்தமானி ஒன்று வாங்கி, காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது நான்கு சக்கரங்களையும் அளந்து, பழைய கணக்கு நோட்டில் எழுதினோம். எங்கள் வண்டிக்கு வேண்டியது சதுர அங்குலத்திற்கு 33 பவுண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. பின்பக்கத்து வலது சக்கரம் 27 காட்டியது. முந்தைய நாள் 33. அழுத்தமானியைச் சந்தேகித்து மறுபடியும் வைத்தோம், அதே 27. சோப்புத் தண்ணீர் ஊற்றியபோது டயரின் பள்ளத்தில் சிறு சிறு குமிழிகள் வந்தன. உள்ளே ஒரு திருகு. மறுநாள் விடியற்காலையில் பாட்டியை ஏற்றிக்கொண்டு லாரிகளுக்கு நடுவே அந்தச் சக்கரத்தில்தான் போயிருப்போம். விளக்கோ முன்னைப் போலவே எரிந்துகொண்டிருந்தது.

காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது அதிகமாக மடங்கி மடங்கி நிமிர்கிறது, அதனால் சூடேறுகிறது, சூட்டில் அதன் அடுக்குகள் பிரிகின்றன. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு போர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பயர்ஸ்டோன் டயர்கள் இவ்வாறு பிரிந்து பலர் இறந்தனர்; 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வாண்டே அந்நாடு சட்டம் இயற்றியது. 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் புதுக் கார்களிலெல்லாம் இவ்விளக்கு இருந்தாக வேண்டும். அந்த விதிப்படி, காற்று காற்பங்கு குறைந்த பிறகு விளக்கு எரிந்தால் போதும். எங்கள் வண்டிக்கு அந்தக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 25 பவுண்டு. ஆக 27 என்பது, விளக்கு ஊமையாக இல்லாவிட்டாலும் அது வாய் திறவாத எண்ணே!

நம் நாட்டில் 2020 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதி, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் சரிசெய்யும் கருவியும் இக்கண்காணிப்பும் உள்ள சிறு கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்கிறது. சூளகிரியில் எங்களுக்கு நேர்ந்தது போலப் பக்கச் சுவர் கிழிந்தால் கருவி என்ன செய்யும்? விதி எப்படியிருப்பினும் எங்கள் ஓட்டு ஸ்டெப்னிக்கே.

புது டயர் மாட்டும்போது, உள்ளே சென்சார் இருப்பதை முதலிலேயே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். தெரியாமல் டயரை நெம்பும் இரும்பை வால்வின் பக்கம் கொடுத்தால் அது உடைந்துபோகும். வால்வுக்குப் பித்தளை மூடி அழகுதான்; ஆனால் நாளடைவில் துரு பிடித்து இறுகிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடியே நல்லது. பழைய சக்கரம் தன் இடத்துக்குத் திரும்பியபின் சிறிது தூரம் ஓட்டினோம். விளக்கு தானே அணைந்தது. சில வண்டிகளில் சென்சாரின் எண்ணைப் பணிமனையில் ஒரு கருவியால் பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் மாமாவின் கார் வேறு வகை. அதில் சக்கரத்துக்குள் ஒன்றுமே இல்லை. காற்றுக் குறைந்த சக்கரம் சற்றே சிறுத்துப்போவதால் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். பிரேக்குக்காக வைத்த வேக சென்சார்களைக் கொண்டே வண்டி அதைக் கண்டுபிடிக்கிறது. சக்கரம் மாற்றினாலும், காற்றடித்தாலும் ஒரு பொத்தானை அழுத்தி 'இதுதான் சரியான அளவு' என்று அதற்குக் கற்பிக்க வேண்டும். அழுத்துமுன் நான்கையும் அளந்துவிட வேண்டும். விளக்கு அணைந்தால் போதும் என்று குறைந்த காற்றோடு அழுத்தினால், அந்தக் குறையையே சரியென்று வண்டி மனப்பாடம் செய்துகொள்ளும்! நான்கும் ஒரே அளவாக இறங்கினால் இவ்வகையில் பலவற்றுக்குத் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மார்கழிக் குளிரில் காலையில் எரிந்து மதியம் அணையும் விளக்கைக் கண்டு கோளாறு என்று எண்ண வேண்டாம். வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறைந்தால் அழுத்தம் 1 பவுண்டு குறையும். இயற்பியல் பாடத்தில் வாயு விதியைப் படித்திருக்கிறோம்; ஓசூர்ப் பனியில் அது டயருக்குள் நடக்கிறது. ஏற்கெனவே எல்லையில் நிற்கும் டயருக்குக் குளிர் ஒரு சாக்கு, அவ்வளவே. குளிர்ந்த நேரத்தில் அளந்து நிரப்பினால் தீர்ந்தது.

சென்சாரின் மின்கலத்தைத் தனியாக மாற்ற இயலாது. ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை உழைக்கும் என்கிறார்கள். எங்கள் வண்டிக்கு இப்போது எட்டு வயது. ஆணி குத்தாமலே ஒரு நாள் அந்த விளக்கு மின்னத் தொடங்கும். அதற்காக அம்மா சமையலறையில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் வேறொரு டப்பா வைத்து மாதந்தோறும் பணம் சேர்த்து வருகிறார்கள். பாட்டியும் தம் பங்குக்கு அதில் ஐம்பது ரூபாய் போட்டுவிட்டு, வண்டியில் ஏறுமுன் எங்களிடம், "காலி எந்த?" என்று கேட்கிறார்கள்.