கொல்லிமலையில் மிளகு பறிக்கும் ஏணி

காரவள்ளியில் மலையேறத் தொடங்கும் பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சோளக்காட்டை அடைவதற்குள், அடிவாரத்து வெயில் மறந்தே போகிறது. சாலையோரம் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின் நிழலில் காபிச் செடிகள், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. சுற்றுலா வருகிறவர்கள் ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில் என்று போய்விடுவார்கள். தை, மாசியில் வருகிற விவசாயி தோட்டத்துக்குள் நுழைந்து பார்க்க வேண்டியது, மரத்துக்கு மரம் சாய்ந்து நிற்கும் மூங்கில் ஏணிகளை.

இது இரண்டு கால் வைத்த ஏணி அல்ல. ஒரே மூங்கில்தான். கணுவில் கிளைக்கும் குச்சியை அடியோடு சீவாமல், கால் வைக்கும் அளவுக்கு விட்டு வெட்டினால் அதுவே படி. குச்சி இல்லாத இடத்தில் துளை போட்டுக் கட்டை செருகுவார்கள். பழந்தமிழில் இதற்குக் கண்ணேணி என்று பெயர். மலைச்சரிவில் இரட்டைக் கால் ஏணியை வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஒரு கால் மேட்டில் நிற்கும், மற்றது பள்ளத்தில் ஆடும். ஒற்றை மூங்கிலுக்குச் சமதளம் தேவையில்லை, ஒரு சிறு குழி போதும். கொடியை நசுக்காமல் இலைகளுக்கு நடுவே நுழைந்து மரத்தில் சாயும். காபிச் செடிகளுக்கு இடையில் ஒரே ஆள் தோளில் வைத்துக்கொண்டு போகலாம்.

ஏணிக்கு மூங்கில் தேர்வு செய்வதில் அவசரம் கூடாது. பச்சைப்பசேல் என்று வழவழப்பாக இருப்பது இளசு, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மூன்று, நான்கு வயதான, சதைப்பற்றுள்ள மூங்கில்தான் ஏணிக்கு ஆகும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பது பெரியவர்கள் சொல்வது. நாள் எதுவானாலும், வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்துவது பலன் தரும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்து குறைந்தால் துளைக்கும் வண்டுக்கு வேலை இல்லை. 2017-ல் வனச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரக்கணக்கில் வராது. எனவே சொந்த வேலியோரம் ஒரு குத்து வைத்திருப்பவருக்கு ஏணிக்குக் கவலையில்லை.

வேலியில் மூங்கில் இல்லாதவர்கள் கீழே ஊரிலிருந்து ஏணி கொண்டுவருகிறார்கள். அங்கே தொடங்குகிறது அடுத்த சிக்கல். இருபது அடி ஏணியைச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்றினால் பாதி வெளியே நீட்டும். நேர் சாலையில் பின்னால் வருபவருக்கு மட்டும் ஆபத்து. கொண்டை ஊசி வளைவிலோ, வண்டி ஒரு பக்கம் திரும்பும்போது ஏணியின் வால் மறுபக்கம் வீசும், எதிரே இறங்கி வரும் பைக்காரரின் முகத்துக்கு நேராக. சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும் என்பது தவறான எண்ணம். இப்படி நீட்டிய சுமைக்கு அபராதமும் உண்டு.

இதனால்தான் கழற்றி மாட்டும் அலுமினிய ஏணிக்கு மவுசு கூடியிருக்கிறது. மூன்று, நான்கு துண்டுகளாகக் கட்டினால் வண்டிக்குள் அடங்கும். அலுமினியத்தின் எடை இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். உளுக்காது, மழையில் ஊறாது. கடையில் வாங்கும்போது எல்லாத் துண்டுகளையும் மாட்டச் சொல்லி, இணைப்பு ஆடுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று நன்றாக இறங்கிப் பூட்டிக்கொள்ளாத ஏணி, விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஆனால் ஒன்று. தோட்டத்தின் மேலே மின்வாரியம் இழுத்திருக்கும் கம்பியும் அலுமினியம்தான். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால்தான் அதைக் கம்பியாக்கினார்கள். அலுமினிய ஏணியும், தோட்டியும் மின்கம்பியில் பட்டு கேரளத்தில் எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள். ஏணியில் ஏறி நிற்கும்போது மட்டும் இது நடப்பதில்லை. ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்துக்குப் போகையில், ஏணியைப் படுக்கவைத்துத் திரும்ப நிமிர்த்தச் சோம்பல்பட்டு, நின்ற வாக்கிலேயே தூக்கி நடப்பார்கள். கண் காலடியில் இருக்கும், ஏணியின் தலை எங்கே போகிறது என்று பார்க்க ஆளிருக்காது. லேசான ஏணி என்பதே இங்கே வினையாகிறது. கனமான ஏணியை யாரும் அப்படித் தூக்கி நடக்க முடியாதே! பச்சை மூங்கிலும் பனியில் நனைந்த மூங்கிலும்கூட மின்சாரத்தைக் கடத்தும், அதை நம்பியும் கம்பி அருகே போகக்கூடாது. கண்ணாடியிழை ஏணி காய்ந்திருக்கும்வரை கடத்தாது, ஆனால் எடையும் விலையும் கூடுதல்.

கொத்தில் ஒன்றிரண்டு மணிகள் சிவந்ததும் பறிக்க வேண்டும் என்பதால், அறுவடையின்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஆள் தேவை. பறிப்பவர் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுகிறார். தோட்டம் யாருடையதாக இருந்தாலும் உயிர் அவருடையது. முதல்முறை ஏறும்போது ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள, மேலே போனவர் ஏணித் தலையை மரத்தோடு கயிற்றால் கட்டிய பிறகுதான் கொத்தில் கை வைக்க வேண்டும். உருண்டை மரத்தில் சாய்த்த ஏணி பக்கவாட்டில் உருளுவதுதான் வழக்கம். எட்டாத கொத்துக்காக உடம்பைச் சாய்ப்பதைவிட ஏணியை மாற்றிவைப்பது நல்லது. சில்வர் ஓக் கிளை முறியக்கூடியது, அதைப் பிடித்துத் தொங்கக்கூடாது.

மரத்தை முப்பது, நாற்பது அடி வளரவிட்டு, அதற்கேற்ற ஏணியைத் தேடுவதும் சரியான கணக்கல்ல. தாங்குமரத்தின் தலையை இருபது அடியில் வெட்டி நிறுத்தினால் கொடியும் அங்கேயே நின்று பக்கக்கிளை விடும். கம்பி செல்லும் வரிசையில் மரத்தை அதைவிடவும் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம். அறுவடைக்கு முன்பே ஒருநாள், ஏணி எதுவும் இல்லாமல், அண்ணாந்து பார்த்தபடி தோட்டத்தைச் சுற்றிவந்து, கம்பிக்குக் கீழே உள்ள மரங்களில் சுண்ணாம்பால் பட்டை போட்டுவிடலாம். அந்த மரங்களில் உலோக ஏணியைச் சாய்க்கக்கூடாது என்பது புதிதாக வரும் கூலி ஆளுக்கும் தெரிந்துவிடும். கம்பி தாழ்ந்து தொங்கினால் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்துமூலம் கொடுத்து, இணைப்பை நிறுத்தச் சொன்ன பிறகே அந்த வரிசையில் பறிப்பு.