சிவப்புப் புள்ளிகளுக்கு முன்னால்

காற்றுப் புகாத பொட்டலத்தில் வரும் நெத்திலிக்கு இப்போதெல்லாம் மணம் குறைவுதான், ஆனாலும் பிரித்ததும் ஜப்பானின் இபுகித் தீவு வந்துவிடுகிறது, கோடையில் மீனை அவித்து உலர்த்தும் உப்பு நெடி அங்கே சந்தெல்லாம் நிற்கும், அந்த நெடிக்கு நடுவே வாசற்படியில் உட்கார்ந்திருந்த பாட்டி, மடியில் கைகளைக் கோத்தபடி, கல்லுக்கு ‘இஷி’ என்றும் மலைக்கு ‘யமா’ என்றும் சொல்லிக்காட்டினாள், கியோத்தோவில் இரண்டுக்கும் ஒரே மெட்டு, முதலசை ஏறி அடுத்தது இறங்கும், பாட்டியின் வாயிலோ இரண்டும் வேறு வேறு. 1960களில் மொழியியலாளர் வாதா மினோரு இந்தத் தீவுப் பேச்சை வெளியே சொன்னபோது அறிஞர்கள் வியந்ததில் நியாயமுண்டு, மொழியறிஞர் கிந்தாய்ச்சி ஹருஹிகோ ஈரசைப் பெயர்களுக்குச் சுர ஏற்ற இறக்கத்தால் வகுத்த ஐந்து வகுப்புகளும் இங்கே கலக்காமல் நின்றன.

அந்த வகுப்புகளின் சாட்சியை கியோத்தோ நூலகம் ஒன்றில் பார்த்தேன், பழைய தாளின் புளித்த வாசம், சன்னலோரச் சாம்பல் வெளிச்சம், பக்கத்தை விரல் நுனியால் நீவிவிட்டுத் திருப்பும் முதிய நூலகர். 11ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தொகுத்த ‘ருய்ஜு மியோகிஷோ’ அகராதியின் படியெடுப்பு அது, எழுத்தின் இடப்பக்கம் மேலே புள்ளி இருந்தால் உயர்வு, கீழே இருந்தால் தாழ்வு, யமாவுக்கு இரண்டும் கீழே, இஷிக்கு ஒன்று மேலே ஒன்று கீழே. கியோத்தோவே 14ஆம் நூற்றாண்டு வாக்கில் தொலைத்த அந்த வேறுபாட்டை, நெத்திலி உலர்த்தும் ஊர் விடவில்லை.

ஒகினாவாவின் ஷுரியில் சந்தித்த பெரியவர் அந்த அகராதியையும் தாண்டிப் போனார். மழை நின்ற கல்மதில் வாசத்தில் நின்றுகொண்டு, உரலுக்கு ‘ஊஷி’, மூச்சுக்கு ‘ஈச்சி’ என்றார், பலகைக்கு மட்டும் முதல் உயிர் நீளவில்லை. அகராதியில் மூன்றுக்கும் ஒரே புள்ளிகள், தாழ்ந்து உயர்வது. ஒரே மாதிரியாகிவிட்ட சொற்கள் பிறகு தாமாக இப்படிப் பிரியாது, ஒகினோஎராபு தீவிலும் உரல் ஒரு பக்கம், பலகை மறுபக்கம், அங்கே சுரத்தால். ஆகவே இந்தப் பிளவு கியோத்தோப் புள்ளிகளைவிடப் பழையது என்று மொழியியலாளர் ஹத்தோரி ஷிரோ 1970களின் கடைசியில் எழுதியதை நான் முழுமனதாக ஏற்கிறேன்.

அவர் படித்த காலத்தில் தீவுப் பேச்சைப் பேசினால் பள்ளியில் தண்டனையாக மரப்பலகை மாட்டுவார்களாம், பெரியவர் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் நின்ற பேத்தி உரலை ‘உசு’ என்றாள், தொலைக்காட்சி சொல்வதுபோல். ஜப்பானியத்துக்கும் இந்தத் தீவுகளின் ரியுக்யு மொழிகளுக்கும் பொதுவான மூலமொழியில் அந்தப் பிளவு நெடிலா சுரமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை, ரியுக்யு மொழிகள் ஆறையும் 2009இல் அழியும் நிலையிலுள்ள மொழிகளின் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ, அந்த வழக்கில் சாட்சி சொல்லவேண்டியவர்களோ எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.