மூன்று மலைகளும் ஒரு படிவமும்

மகளின் வீட்டுச் சமையலறை ஜன்னலால் பார்த்தால் மூன்று மலைகள் தெரியும். கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவர் நகரை ஒட்டிய பேர்னபியில், ஒரு தொடர்மாடியின் பதினான்காவது தட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். 2019 ஜனவரியில் நான் போய்ச் சேர்ந்த முதல் நான்கு நாட்களும் மழை. வடக்கே மலை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. ஐந்தாம் நாள் இரவு மேகம் விலகியது. இருட்டின் நடுவே, வானத்தில் தொங்குவது போல, மூன்று இடங்களில் வெளிச்சத் திட்டுகள் தெரிந்தன. இரவுக் கடலில் தோணி விளக்குகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, விளக்குகளை அவ்வளவு உயரத்தில் பார்ப்பது புதினமாக இருந்தது.

"அதுதான் வாப்பா ஸ்கீ மலைகள். ராவையிலயும் சறுக்குவாங்க. இடப்பக்கம் சைப்பிரஸ், நடுவில குரௌஸ், வலப்பக்கம் சீமோர்" என்றாள் மகள்.

மூன்றும் ஒன்றுக்கொன்று அயல். எதற்குப் போவதென்றாலும் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பி விடலாம். அந்தச் சனிக்கிழமை குடும்பமாக ஒரு மலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. எந்த மலை என்பதுதான் முடிவாகவில்லை.

மருமகன் சைப்பிரஸ் கட்சி. மூன்றிலும் அதுவே பெரியது. அங்கே மேலிருந்து கீழ்வரை சறுக்கக்கூடிய உயரம் 610 மீற்றர். அத்தோடு, 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் சில போட்டிகள் நடந்த மலை அது. அந்த வருடம் பார்த்து வழமைக்கு மாறான வெப்பம் வந்து, போட்டி நடக்கும் சரிவில் பனி போதாமற் போயிற்று. வைக்கோல் கட்டுகளை அடுக்கி மேடு கட்டி, லொறியிலும் ஹெலிகொப்டரிலும் பனியைக் கொண்டுவந்து கொட்டித்தான் போட்டியை நடத்தினார்களாம். பனிக்குப் பேர்போன நாடு பனியைச் சுமந்த கதையை மருமகன் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். பிறகு குரல் மாறியது. 2010 பெப்ரவரி 14ஆம் திகதி அந்தச் சரிவிலேதான் அலெக்சாந்தர் பிலொடோ என்ற இளைஞர் தங்கப் பதக்கம் வென்றார். 1976இல் மொன்றியலிலும் 1988இல் கல்கரியிலும் ஒலிம்பிக்கை நடத்தியிருந்தும் கனடா தன் மண்ணில் ஒரு தங்கத்தையும் கண்டிருக்கவில்லை. அதுவே முதலாவது. பிலொடோவின் மூத்த சகோதரர் பிறப்பிலிருந்தே மூளைவாதத்தினால் பாதிக்கப்பட்டவர். தன் மனவுறுதிக்கு அவரே காரணம் என்று பிலொடோ எப்போதும் சொல்வாராம்.

"அந்த மலையில சறுக்கினா பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் வரும் மாமா" என்று முடித்தார் மருமகன்.

மகள் குரௌஸைச் சொன்னாள். அது எனக்காக. மற்ற இரண்டுக்கும் வளைந்து வளைந்து மலைப்பாதையில் வாகனம் ஏற வேண்டும். குரௌஸுக்கு அடிவாரத்தில் நின்று கம்பியில் ஓடும் பெரிய பெட்டியில் ஏறினால், நூறு பேரோடு ஒன்றாக மேலே போய் இறங்கலாம். 1894இல் அதன்மேல் ஏறியவர்கள் வழியில் காட்டுக்கோழி இனப் பறவையொன்றைச் சுட்டார்கள். அந்தப் பறவையின் பெயரே மலைக்கும் நின்றுவிட்டது. மேலே கதிரை போட்டுக் கோப்பி குடிக்கலாம், கீழே நகரம் முழுவதையும் பார்க்கலாம் என்றாள். 2001இல் தாயில்லாத குட்டிகளாகக் கொண்டுவந்து சேர்க்கப்பட்ட இரண்டு கிரிஸ்லி கரடிகளும் அங்கே இருந்தன.

"கரடியைக் காணலாமா?" என்று கேட்டேன்.

"இப்ப நித்திரை வாப்பா. பனிக்காலம் முடியத்தான் எழும்பும்."

பேரனுக்கு வயது பதினான்கு. அவனுக்குச் சீமோர். அவனுடைய பாடசாலைக் கூட்டாளிகள் எல்லோரும் ஸ்னோபோர்ட் பலகையைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவார்கள். 1936இலேயே பூங்காவாக அறிவிக்கப்பட்ட மலை அது. அந்தப் பகுதி பிரித்தானியக் குடியேற்றமாக இருந்த காலத்து ஆளுநர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் உச்சி 1,449 மீற்றர், குரௌஸின் 1,231 மீற்றரை விட உயரம். ஆனால், சறுக்கும் சரிவுகள் அந்த உச்சிவரை போவதில்லை. "அது பழகிற ஆக்களிட மலை" என்று மருமகன் ஒரே சொல்லில் தள்ளிவிட்டார்.

இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் பேத்தி வாய் திறக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை. மேசை ஓரத்தில் இருந்து அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்தில் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். முந்திய குளிர்காலத்தில் வேறோர் இடத்தில், கம்பியில் தொங்கி வரும் கதிரையில் இருந்து இறங்கும்போது விழுந்து, முழங்கால் சுளுக்கி, இரண்டு கிழமை நொண்டினாளாம். வலியை விட, கதிரைகளை நிறுத்திவிட்டு எல்லோரும் தன்னைப் பார்த்ததுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அவள் பனிச்சப்பாத்தைத் தொடவில்லை. விழுந்த இடத்தை விடப் பெரிய இடத்தில் ஏறினால்தான் பயம் போகும் என்பது மருமகனின் கட்சி. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அவர் தன் வாழ்க்கையை அப்படியே ஏறி வந்தவர்.

கடைசியில், "மாமா சொல்லட்டும். மாமா சொல்றதுதான் முடிவு" என்றார்.

முப்பத்தைந்து வருடம் படிப்பித்த எனக்கு முடிவு சொல்வது பழகிய தொழில். வாயும் திறந்துவிட்டேன். அப்போது, கோப்பை கழுவிக்கொண்டிருந்த மகள் திரும்பாமலே சொன்னாள்:

"வாப்பா, எனக்கு முடிவெடுத்த மாதிரி அவக்கும் எடுத்துப் போடாதீங்க. அவவிட்ட ஒரு சொல்லுக் கேளுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் அந்த இரவு நித்திரை கொள்ளவில்லை.

மகள் சாதாரண தரம் சித்தியடைந்த வருடம் 1996. நல்ல பெறுபேறு. எங்கள் பாடசாலையில் உயர்தர விஞ்ஞான வகுப்பும் கலை வகுப்பும் ஒரே மண்டபத்தில், நடுவில் ஓர் அரைச்சுவரோடு இருந்தன. இந்தப் பக்கத்தில் நின்று அந்தப் பக்கத்துக் கரும்பலகையைப் பார்க்கலாம். அவளுக்குச் சித்திரம் படிக்க ஆசை. அதனை அவள் உம்மாவிடம் சொன்னாள், உம்மா என்னிடம் சொன்னார். இவ்வளவு பெறுபேற்றை வைத்துக்கொண்டு யாராவது சித்திரம் படிப்பார்களா என்று நான் கேட்டேன். அனுமதிப் படிவத்தை நானே நிரப்பினேன். அவள் கையொப்பம் மட்டும் வைத்தாள். அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து மூன்று முறை பரீட்சை எழுதினாள். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. இன்று அவள் கனடாவில் ஒரு மருந்துக்கடையில், யாரோ எழுதிய துண்டுக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கிறாள். அவளுக்கு அதில் குறையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். இருபது வருடங்களில் அன்றுதான் அவள் முதன்முதலாக அதைப் பற்றி ஒரு சொல் சொன்னாள். அதுவும் தனக்காகச் சொல்லவில்லை, தன் பிள்ளைக்காகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் பேத்தியின் அருகே போய் இருந்தேன்.

"எந்த மலைக்குப் போவம் மகள்?"

"போகாம இருக்க ஏலாதா அப்பா?" என்றாள். அவள் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏலும். நீங்களும் நானும் வீட்டில இருப்பம்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கீறிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "வாப்பா சொன்ன ஆள்ட நானா, அவர் எங்க நின்டு பார்த்த?"

பிலொடோவின் சகோதரரைக் கேட்கிறாள். கீழே, சனங்களோடு நின்று பார்த்ததாக மருமகன் சொல்லியிருந்தார்.

"அப்ப, அப்பா நிக்கிற இடத்தில இருந்து என்னைக் காணுற மலைக்குப் போவம். கதிரையில ஏறாம."

அந்தக் கேள்விக்கு விடை பேரனிடம் இருந்தது. சரிவுகளுக்குப் போடும் நிற அடையாளங்களை அவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினான். பச்சை வட்டம் இலேசு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். ஆனால் அந்த நிறங்கள் அந்தந்த மலைக்குள் ஒப்பிட்டு இடப்படுபவை. ஒரு மலையின் பச்சை அயல் மலையில் நீலமாக இருக்கலாம். நிறத்தை நம்பி மலையைத் தெரிய முடியாது. சீமோரில் வாகனத் தரிப்பிடத்துக்குக் கிட்டவே பழகுகிறவர்களுக்கென்று ஒரு சிறு சரிவு இருந்தது. அங்கே கதிரை இல்லை. நிலத்தோடு ஊர்ந்து மேலே கொண்டுபோகும் ஒரு பட்டி இருந்தது. அதற்கு மந்திரக் கம்பளம் என்று பெயர். கீழே நிற்பவர் முழுச்சரிவையும் பார்க்கலாம்.

சீமோர் என்று முடிவு சொன்னேன். மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. பேரன் துள்ளினான்.

சனிக்கிழமை விடிய மழை. போனது வீண் என்றே நினைத்தேன். "கீழ மழைதான் மேல பனி" என்று சொல்லி மருமகன் வாகனத்தை எடுத்தார். ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக ஆறரைப் பாகை குளிர் கூடும். நகரத்தில் ஐந்து பாகையில் பெய்யும் மழை, ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்தத் தரிப்பிடத்தில் பனியாகி விடுகிறது. பாதி வழியில் அதைக் கண்ணால் கண்டேன். கண்ணாடியில் வழிந்த துளி ஒரு வளைவில் கஞ்சி போல் தடித்தது, அடுத்த வளைவில் வெள்ளைப் பூவாக வந்து ஒட்டியது. குளிர்கால டயர் இல்லாத வாகனத்துக்கு அந்தப் பாதையில் இடமில்லை என்பதன் காரணமும் அப்போது விளங்கியது. கடலுக்கு அருகிலுள்ள மலையாகையால் அங்கே விழும் பனி ஈரமாகவும் பாரமாகவும் இருந்தது.

சறுக்கும் பலகைகளை வாடகைக்கு எடுக்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் தந்தார்கள். வயது, உயரம், நிறை, சப்பாத்தின் அளவு, அடுத்தது சறுக்குபவரின் தகைமை: ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று என்றால் கவனமாகப் போகிறவர், மூன்று என்றால் வேகமாகப் போகிறவர். மருமகன் பேத்தியின் படிவத்தில் இரண்டு என்று அடையாளமிட்டார்.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். "வாப்பா, நான் ஒன்டு."

"போன வருசம் பழகினதானே மகள். ரெண்டு என்டு போடுவம்."

அங்கு நின்ற இளைஞனிடம் அந்த இலக்கம் எதற்கு என்று கேட்டேன். சப்பாத்தைப் பலகையோடு பிடித்திருக்கும் ஒரு கவ்வியை எடுத்துக் காட்டினான். சறுக்குபவர் விழும்போது அந்தக் கவ்வி தானாக விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டால்தான் கால் தப்பும். எவ்வளவு விசை வந்தால் விடுவது என்பதனை இந்தப் படிவத்தைப் பார்த்தே திருகி வைக்கிறார்கள். தகைமையைக் கூட்டி எழுதினால் கவ்வி இறுகும். விழும்போது விடாது. பலகை ஒரு பக்கம் திரும்ப, கால் அதோடு முறுகும்.

நான் மருமகனைப் பார்க்கவில்லை. என் கண்ணில் நின்றது 1996ஆம் வருடத்துப் படிவம். பிள்ளையின் தகைமையை நாங்கள் கூட்டி எழுதுகிறோம். விழும்போது முறுகுவது எங்கள் கால் இல்லையே.

மருமகனே இன்னொரு படிவம் கேட்டு வாங்கி, பேனையையும் சேர்த்து மகளிடம் நீட்டினார். "நீங்களே நிரப்புங்க மகள்" என்றார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். தகைமைக்கு நேரே ஒன்று என்று அழுத்தமாக இட்டாள்.

அன்று அவள் பதினொரு தடவை விழுந்தாள். நான் கீழே நின்று எண்ணினேன். நாலாவது தடவை கவ்வி விட்டு, பலகை தனியே வழுக்கி என் காலடிக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு இரண்டு அடி ஏறிய நானும் விழுந்தேன். அவள் சரிவில் குந்தியிருந்தவாறே சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது. அதன் பிறகு தான் விழுவதை யார் பார்க்கிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னேரம் நான்கு மணிக்கு, பொழுது மங்கும் வேளையில், கம்பளத்தின் உச்சியில் இருந்து என் முன்னால்வரை விழாமல் வந்து நின்றாள். கால்களை ஆப்பு வடிவில் விரித்து, மெதுவாக, மிக மெதுவாக. மகள் என் பக்கத்தில் நின்று கொண்டிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. என் கையுறைக்குள் தன் கையுறையை வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மேற்கே மேகத்துக்கு மேல் வெளிச்சம் தெரிந்தது. "அது எந்த மலை?" என்று பேத்தி கேட்டாள். அடுத்த வருடம் அங்கே போக வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். போனாள் என்று பிறகு படம் அனுப்பினார்கள்.

இப்போது அவளுக்குப் பதினேழு வயது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் காலம். சென்ற மாதம் தொலைபேசியில் மருமகன் கேட்டார்: "மாமா, இவ என்ன படிக்கணும் என்டு நீங்க ஒரு முடிவு சொல்லுங்க."

"படிவம் யாருட்ட இரிக்கி மகன்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அவவிட்டத்தான் மாமா."